நீண்ட செய்தியும் சிறிய தாங்கியும்

வெளி மாநிலங்களில் வாழும் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு மின்பலகையைக் கையாளுகின்றனர். தொடர்கம்பி வழியே வரும் செய்தியை அதன் மைக்ரோகண்ட்ரோலர் முதலில் 64 பைட் அளவுள்ள பஃபர் என்னும் தாங்கியில் ஏந்துகிறது. விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் அத்தாங்கி விநாடியின் பதினைந்தில் ஒரு பங்கில் நிரம்பிவிடும். அதற்குள் நிரல் அதனைப் படித்தெடுக்காவிடில், பின்வரும் பைட்டுகள் ஓசையின்றி மறையும்.

தமிழுக்கு இவ்விடர் மிகுதி. யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்திற்கு 1 பைட் போதும். 'க'வுக்கு 3, 'கி'க்கு 6 பைட் வேண்டும். மேலும், நம் மொழியில் எதிர்மறை வினையின் பிற்பகுதியில் வருவது. 'கதவைத் திறக்காதீர்' என்பதன் கடைப்பகுதி அறுந்தால், 'கதவைத் திற' என்றாகும். எச்சரிக்கையே ஏவலாகிவிடும்!

இதற்கு நாம் கைக்கொள்ளத்தக்க முறைகள் மூன்று. ஒன்று, நிரல் எங்கும் காத்து நில்லாமல், வந்த பைட்டை உடனுக்குடன் எடுத்துத் தனக்கென ஒதுக்கிய இடத்தில் வைத்தல். இரண்டு, வைக்குமுன் இடம் உண்டா என நோக்குதல். இடமின்றி எழுதினால் அண்டை நினைவகம் சிதையும். எனவே இடம் தீர்ந்தால், முடிவுக்குறி வரும்வரை அனைத்தையும் தள்ளிவிட்டு, அச்செய்தியையே ஏலாது விடுதல் வேண்டும். மூன்று, அனுப்பும் கருவி செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, வரிசை எண்ணும் சரிபார்ப்புத் தொகையும் சேர்த்து, 'பெற்றேன்' என்னும் மறுமொழி கிடைத்த பின்னரே அடுத்ததை அனுப்புதல்.

தாங்கியைப் பெரிதாக்கினால் போதாதோ எனில், அப்பலகையின் தற்காலிக நினைவகம் முழுவதுமே 2,048 பைட்தான். பாதிச் செய்தியை முழுமையென நம்பிச் செயற்படுவதினும், மீண்டும் கேட்டுப் பெறுதலே நன்று.