பெஞ்ச்மார்க் சொல்லாத கணக்கு

2021 அக்டோபர் 28 முதல் 31 வரை, 73 மணி நேரம் ரோப்லாக்ஸ் விளையாட்டுத் தளம் முடங்கிக் கிடந்தது. அப்போது நாளொன்றுக்குச் சுமார் 5 கோடிப் பேர் வந்துபோன இடம் அது. பின்னர் அந்நிறுவனமே வெளியிட்ட அறிக்கை இரண்டு காரணங்களைச் சொன்னது. கான்சல் என்ற மென்பொருளில் புதிதாக இயக்கிவிட்ட ஸ்ட்ரீமிங் வசதி ஒன்று. கான்சலுக்குள் ஓடிய போல்ட்டிபி இன்னொன்று.

போல்ட்டிபி, கோ மொழியில் எழுதப்பட்ட சின்ன டேட்டாபேஸ் லைப்ரரி. தனி சர்வர் வேண்டாம்; நிரலோடு சேர்ந்தே ஓடும்; எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். அழித்த பக்கங்களை அது டிஸ்க்குக்குத் திருப்பித் தருவதில்லை. காலிப் பக்கங்களின் எண்களைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு, பிறகு அங்கே எழுதும். சிக்கல் அந்தப் பட்டியலில்தான். ஒவ்வொரு முறை எழுதும்போதும் பட்டியல் முழுவதும் புதிதாக டிஸ்க்கில் ஏறும்.

அறிக்கை காட்டிய ஒரு கோப்பின் அளவு 4.2 ஜிபி, அதில் உண்மையான தரவு 489 எம்பிதான். காலிப் பக்கங்கள் ஏறத்தாழ 10 லட்சம், அவற்றின் பட்டியல் மட்டும் 7.8 எம்பி. 16 கேபிகூடத் தாண்டாத ஒரு பதிவைச் சேர்க்க, ஒவ்வொரு முறையும் 7.8 எம்பி எழுதப்பட்டது. அரைக் கிலோ தக்காளிக்கு லாரி பிடித்த கதை.

காலிக் கோப்பில் ஓட்டிப் பார்க்கும் எந்த வேகச் சோதனையிலும் இது தெரியாது. மாதக்கணக்கில் எழுதி, அழித்து, மறுபடி எழுதினால்தான் தெரியும். போல்ட்டிபியின் மூலப் பதிப்புக்கான பராமரிப்பு அதற்குள் நின்றுபோயிருந்தது. எட்சிடி என்ற மென்பொருளின் குழுவினர் அதிலிருந்து பிரித்து வளர்த்த பிபோல்ட்டில் இந்தத் தொல்லை இல்லை. கான்சலும் பிறகு அதற்கு மாறியது. இதில் கவனிக்க வேண்டியது, ரோப்லாக்ஸ் பொறியாளர்கள் போல்ட்டிபியைத் தேர்ந்தெடுக்கவே இல்லை என்பது. அவர்கள் எடுத்தது கான்சலை. போல்ட்டிபி அதோடு கூடவே வந்தது.

அடிக்கடி கேட்கப்படும் தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் கேஷ் லைப்ரரிகளின் விவகாரம் வேறு மாதிரி. 'தற்காலிகத் தரவுதானே, போனால் போகட்டும்' என்று நினைத்துத்தான் பலரும் கேஷ் லைப்ரரியை மேலோட்டமாகத் தேர்வு செய்கிறார்கள். அது காணாமல் போவதைவிட, தவறான ஆளிடம் போய்ச் சேர்வதுதான் ஆபத்து. 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடி பயனர் சிலருக்கு மற்றவர்களின் உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. கேஷாகப் பயன்பட்ட ரெடிஸ் என்ற மென்பொருளுடன் பேசும் பைதான் லைப்ரரியில் பிழை. ஒரு கோரிக்கை பாதியில் ரத்தானால், அதற்கு வந்த பதில் இணைப்பிலேயே தங்கிவிடும். அதே இணைப்பை அடுத்து வாங்குபவருக்கு முந்தையவரின் பதில் கிடைக்கும். ஒன்பது மணி நேர இடைவெளியில் தளத்தைப் பயன்படுத்திய கட்டணச் சந்தாதாரர்களில் 1.2 சதவீதத்தினரின் பணம் செலுத்தும் விவரங்களில் சில வெளியே தெரிந்திருக்கலாம் என்று சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ அறிவித்தது. கேஷிலிருந்து வரும் தரவு கேட்டவருடையதுதானா என்று சரிபார்க்கும் வரியை அதன்பிறகுதான் சேர்த்தார்கள். எந்த கேஷ் லைப்ரரியை எடுத்தாலும் அந்த வரியை முதல் நாளே எழுதிவிடலாம்.

லைப்ரரியைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்கும் உரிமமும் நிலையானதல்ல. பெர்க்லி டிபி என்ற டேட்டாபேஸ் லைப்ரரி 2013-இல் ஏஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. ரெடிஸ் 2024 மார்ச்சில் பிஎஸ்டி உரிமத்தைக் கைவிட்டது. சில நாட்களிலேயே லினக்ஸ் ஃபவுண்டேஷன் வால்கீ என்ற கிளையைத் தொடங்கியது. 2025-இல் ரெடிஸ் ஏஜிபிஎல்லையும் ஒரு தெரிவாகச் சேர்த்தது. இடையில் சட்டப் பிரிவுக்கு அலைந்தவர்கள் நிரலாளர்கள்தான்.

அப்படியானால், போல்ட்டிபி போலவே நிரலோடு சேர்ந்து ஓடும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்? அது யாருடைய உரிமைக்கும் உட்படாத பொதுச் சொத்து (public domain); 2050 வரை பராமரிப்போம் என்று அதை எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலான வேலைக்கு நான் கைகாட்டுவதும் அதைத்தான். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். ஃபாரின் கீ சோதனையை நாமே இணைப்புதோறும் இயக்க வேண்டும். மாற்றங்களை முதலில் பக்கத்துக் கோப்பு ஒன்றில் எழுதும் வால் (WAL) முறையில் வைத்தால் நெட்வொர்க் டிஸ்க்கில் வேலை செய்யாது. அந்த முறையில் ஓடிக்கொண்டிருக்கும்போது முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால், அந்தப் பக்கத்துக் கோப்பில் இருக்கும் கடைசிப் பதிவுகள் நகலில் வராது. ஓடும்போதே சரியாக நகலெடுக்கவென்றே பேக்கப் வசதி தந்திருக்கிறார்கள்.