மோட்டார் வண்டியும் புளிச்சை நாரும்

திருவள்ளூரில் 1998-ம் ஆண்டு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் லான்சர் வண்டிகளைச் செய்யத் தொடங்கினர். 2022-ல் ஸிட்ரோயன் ஸி-3 வண்டியும் திருவள்ளூரிலிருந்தே வெளிவந்தது. இவ்வண்டிகளின் கூடு எஃகேயாயினும், பம்பர், டாஷ்போர்டு, கதவின் உட்பலகை முதலியவை பிளாஸ்டிக்கினால் ஆகின்றன.

இதற்கு முக்கிய காரணம் பளுவே. ஒரு கன அடி எஃகு சுமார் 220 கிலோ நிற்க, பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் 26 கிலோவுக்கு மேற்படாது. ஆனால் அது தனித்து நின்றால் வளையும். சுவர் மண்ணில் வைக்கோலைச் சேர்த்துப் பிசைவதுபோல, அதனுள் நாரைச் சேர்த்தால் இழுப்பை நார் தாங்கிக்கொள்ளுகிறது. பெங்களூரில் 1980-களில் செய்யப்பட்ட சிபானி டால்பின் வண்டியின் மேற்கூடு கண்ணாடி நாரினால் ஆனதே.

செடிகளின் நாரும் இவ்வேலைக்கு உதவும் என்பது குடியானவர்கள் கவனிக்கத்தக்கது. கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை உற்பத்தியான டிராபண்ட் வண்டியின் மேல்தகடுகள் கழிவுப் பஞ்சும் செயற்கைப் பிசினும் கலந்தவை. ஜப்பானில் 2000-ம் ஆண்டு முதல் டொயோட்டா வண்டிகள் சிலவற்றின் கதவு உட்பலகையில் கெனாஃப், அதாவது நமது புளிச்சை நார், சேர்க்கப்பட்டது. கண்ணாடி நார் கன அடிக்கு 70 கிலோவுக்கு மேலிருக்க, புளிச்சை சுமார் 40 கிலோவே.

இந்நார் 200 டிகிரி சூட்டுக்கு மேல் கருகத் தொடங்கும். பாலிப்ரொப்பிலீன் 165 டிகிரியளவில் உருகுவதால் இரண்டும் இசைகின்றன. ஈரம்தான் பெருந்தொல்லை. நாரில் ஈரமிருந்தால் அச்சில் அழுத்தும்போது ஆவியெழும்பிப் பலகை கொப்புளிக்கும். ஆகவே பயிரைப் பூக்கும் தருணத்தில் அறுத்து, இரண்டு வாரமளவு நீரில் ஊறவைத்து, உரித்து அலசி, தரையில் பரப்பாமல் கொடியிலிட்டு உலர்த்துதல் வேண்டும். தரையில் உலர்த்திய நாரில் மணல் ஏறும். அச்சுக்கும் அது சேதம்.

ஏரியிலும் கால்நடைகள் நீர் குடிக்கும் குளத்திலும் ஊறவைக்கலாகாது. தண்டு அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் மடியும். தனிக்குழி வெட்டி ஊறவைக்குமாறு கிராம அதிகாரிகள் செய்விப்பது அவசியம்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை அருகிலிருக்கிறதென்ற ஒன்றையே நம்பி நெல் நிலத்தைப் புளிச்சைக்கு மாற்றுவது சரியன்று. ஒரே தரத்து நார் ஆண்டு முழுவதும் தவறாது கிடைத்தாலன்றிப் பாகங்கள் செய்வோர் அதை ஏற்கமாட்டார்கள். ஒரு மிராசுதார் தனித்து இதைச் செய்தல் அரிது; ஊரார் பலர் சேரவேண்டும். விலை, நாரின் நீளம், ஈர அளவு ஆகியவற்றை எழுத்தில் பெற்றபின் விதை வாங்கலாம். அதுவரை வரப்போரத்தில் நாலு வரிசை விதைத்து, நார் எவ்வளவு தேறுகிறதென நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.