அலாரம் கொடுத்தால் போதுமா?

ராயபுரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு ஸ்மோக் அலாரம் மாட்டினேன். மிளகாய் தாளித்ததும் அலறியது. "சும்மா கத்திக்கிட்டே இருக்குடா" என்று அம்மா அன்றைக்கே பேட்டரியைக் கழற்றிவிட்டார்.

லண்டனிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஏழைகள் அதிகம் வாழும் பகுதிகளில் சுமார் 20,000 அலாரங்களை இலவசமாகக் கொடுத்தார்கள். தீக்காயங்கள் குறையவில்லை என்றது 2002-இல் வந்த ஆய்வு. காரணம், பல வீடுகளில் மாட்டவே இல்லை, மாட்டியதையும் பராமரிக்கவில்லை.

2014-இல் அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் தொடங்கிய திட்டத்தில் தன்னார்வலர்களே வீடு தேடி வந்து மாட்டுகிறார்கள். தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்றும் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். 2,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் தப்பியதாகச் சங்கம் கணக்குச் சொல்கிறது.

தூங்குகிறவரைப் புகை எழுப்பாது, சத்தம்தான் எழுப்பும். அதனால் எங்கள் அலாரத்தை அம்மா படுக்கும் அறைக்கு வெளியே, சீலிங்கில் மாற்றினேன். மாதம் ஒருமுறை பட்டனை அழுத்திப் பார்ப்பது இப்போது அம்மாவின் வேலை.