மெல்போர்னிலிருந்து குண்டூருக்கு

படித்துப் பட்டம் பெற்று வேற்றூருக்கு வேலைக்குச் செல்லும் நம் அக்காமார் அறிய வேண்டியவர் டாக்டர் மேரி குளோரி. மெல்போர்னில் கண் மருத்துவராய் இருந்தவர், 1920இல் கப்பலேறி, அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூருக்கு வந்தார். வயது 32. எம்.டி. பட்டம் பெற்று ஓராண்டே ஆகியிருந்தது. ஆண் மருத்துவரிடம் போகாமலே இந்தியத் தாய்மார் மடிவதை 1915இல் ஒரு சிறு வெளியீட்டில் படித்ததே காரணம்.

இங்கோ, சேசு மரி சூசை சபையில் அவர் வெறும் நவகன்னி! துறவியர் மருத்துவத் தொழில் செய்வதையும் அந்நாளையத் திருச்சபைச் சட்டம் தடுத்தது. பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பர் தனி அனுமதி அளித்தார். கடல் கடந்ததைவிட, கற்றுத் தேர்ந்தவர் மறுபடி கீழ்ப்படியில் நின்றதே எமக்குப் பெரிதாய்ப் படுகிறது. உள்ளூர்ப் பெண்களையும் மருத்துவப் பணிக்குப் பயிற்றுவித்தார். 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1957இல் பெங்களூரில் இறக்கும்வரை தாயகத்தை அவர் மீண்டும் காணவேயில்லை.