பி.டி. பீரியடில் அந்தப் பிள்ளை எங்கே?

ஒரு பள்ளிக்கு முதல்முறை போகும்போது, வருகைப் பதிவேட்டுக்கு முன்னால் கால அட்டவணையைத்தான் கேட்பேன். பி.டி. பீரியட் என்றைக்கு? அந்த நேரம் பார்த்து மைதானத்தில் போய் நின்று, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளை எங்கே என்று தேடினால், பள்ளியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். பெரும்பாலும் அந்தப் பிள்ளை வகுப்பிலேயே இருக்கும், மற்றவர்களின் பைகளுக்குக் காவலாக. இல்லாவிட்டால் வேப்பமரத்தடியில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருக்கும்.

நான் ஒரு சிறப்புப் பயிற்றுநர். தென்காசிப் பக்கம் ஒரு வட்டார வள மையத்திலிருந்து சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளுக்குப் போய்வருகிறேன். காது கேளாத பிள்ளை, பார்வை இல்லாத பிள்ளை, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு என்று என் பட்டியலில் எல்லாரும் உண்டு. பாடம் சொல்லிக்கொடுக்க எப்படியும் ஒரு வழி பிடித்துவிடலாம். விளையாட்டிலும் சாப்பாட்டு நேரத்திலும்தான் இந்தப் பிள்ளைகள் தனித்துப்போகிறார்கள்.

சட்டம் இதைக் கவனித்திருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7ஆக இருந்த குறைபாட்டு வகைகளை, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 ஆக்கியது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ விருப்பப்படி இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. இவ்வளவும் பல பெற்றோருக்கு இப்போது தெரிகிறது. 16ஆவது பிரிவின் முதல் உட்பிரிவைத்தான் யாரும் பேசுவதில்லை. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடில்லாமல் பிள்ளைகளைச் சேர்க்கவேண்டும் என்கிற அதே வாக்கியம், மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பும் தரவேண்டும் என்கிறது. சேர்க்கையும் விளையாட்டும் சட்டத்தில் ஒரே மூச்சில் வருகின்றன.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன். மூளை முடக்குவாதத்தால் இரண்டு காலும் விறைப்பு. வலது கை நன்றாக வரும். கிரிக்கெட் என்றால் உயிர். ஆனால் எப்போதும் ஸ்கோர் நோட்டுதான். பி.டி. சாரிடம் பேசினேன்.

"கீழ விழுந்து வச்சான்னா யாரு டீச்சர் பதில் சொல்றது?" என்றார்.

பயம் நியாயமானதுதான். "கைப்பிடி வச்ச நாற்காலியில உக்காந்து அடிக்கட்டும் சார். டென்னிஸ் பால்தானே?" என்றேன். மற்ற விதிகளைப் பிள்ளைகளே போட்டார்கள். அவனுக்குக் கையைத் தாழ்த்தித்தான் பந்து போடவேண்டும். பை-ரன்னர் உண்டு. ஆனால் ஸ்டம்ப் விழுந்தால் அவுட்! கடைசி விதியைச் சொன்னவன் எதிர் டீம் கேப்டன். எனக்கு அதில்தான் நிம்மதி. ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்திருந்தால், அவனை யாரும் அவுட் ஆக்க நினைத்திருக்கவே மாட்டார்கள்.

இப்படி விதியை வளைப்பது கருணை காட்டுவதாகாது. பார்வையற்றோர் கிரிக்கெட்டில் உள்ளே சிறு உலோகக் குண்டுகள் போட்ட பிளாஸ்டிக் பந்து உருளும்போதே சத்தம் கொடுக்கும். கையைத் தாழ்த்தித்தான் வீசவேண்டும். பேட்ஸ்மேன் தயாரா என்று கேட்டுவிட்டுத்தான் பவுலர் பந்து போடவேண்டும். அந்த விதிகளோடுதான் 2012இல் பெங்களூருவில் நடந்த முதல் டி20 உலகக் கோப்பையை இந்தியா வென்றது. அந்தப் பந்து கிடைக்காத பள்ளியில், சாதாரணப் பந்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிந்தால் போதும், சரசரவென்று கேட்கும். காது கேளாத பிள்ளை கபடி ஆட, விசிலோடு கையில் ஒரு கொடி. செலவு ஒன்றுமில்லை.

சாப்பாட்டு மணி அடித்தால் வேறொரு சிக்கல். காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காத பெண்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சக்கர நாற்காலி கழிப்பறைக்குள் நுழையாது; அதனால் தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். சாய்தளம் கட்டும்போது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது அடிப்படைக் கணக்கு. பல இடங்களில் பைக் ஏற்றுவதற்குப் போட்டதுபோல நாலடியில் செங்குத்தாக முடித்துவிடுகிறார்கள். அதுவும் வகுப்பறை வாசலுக்கு மட்டும். கழிப்பறைக்குப் போகும் வழியில் படிகள் அப்படியே இருக்கின்றன.

வீட்டிலும் இதே கதைதான். ஆட்டிசம் உள்ள ஒரு சிறுமியைக் கோயில் கொடை விழாவுக்குக் கூட்டிப்போவதே இல்லை. யாராவது ஒருவர் அவளோடு வீட்டில் தங்கிவிடுவார், பெரும்பாலும் அம்மா. "எங்க டீச்சர் கூட்டிட்டுப் போக? மேளம் கேட்டா கத்துவா. பாக்கிறவங்க உச்சுக் கொட்டுவாங்க" என்றார் அந்த அம்மா. கூட்டமும் மேளமும் இல்லாத காலை வேளையில் போகச் சொன்னேன். காதைப் பொத்தினால் உடனே திரும்பிவிடலாம். அடுத்த கொடைக்கு ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டு அவள் வளையல் கடை வரை போய்வந்தாள். அன்றைக்கு அந்த அம்மாவும் கொடை பார்த்தார்.

சிறப்பு ஆசிரியர்கள் போதாது என்பதை மறைக்கத் தேவையில்லை. எத்தனை மாணவர்களுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்று விகிதம் வகுக்கவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. என்னைப் போன்றவர்களோ பள்ளி பள்ளியாக ஓடிக்கொண்டிருக்கிறோம். நான் வராத நாளில் அந்தப் பிள்ளைக்குத் துணை, பக்கத்தில் உட்காரும் பிள்ளைதான். அதனால்தான் விளையாட்டை இவ்வளவு வற்புறுத்துகிறேன். மைதானத்தில் சேர்த்துக்கொண்டவர்கள் வகுப்பிலும் நோட்டு காட்டுவார்கள். ஊரிலும் வாசலில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: இந்தப் பள்ளியின் கழிப்பறைக்குச் சாய்தளம் உண்டா? விளையாட்டில் எல்லாப் பிள்ளைகளும் இருக்கிறார்களா? உங்கள் வீட்டில் பிறந்தநாள் வந்தால், தெருவில் இருக்கும் அந்தப் பிள்ளையையும் அழையுங்கள். "பாவம்" என்று சொல்லிக் கையில் மிட்டாயைத் திணித்து அனுப்பாதீர்கள். மற்றப் பிள்ளைகளோடு பாயில் உட்காரவைத்துப் பரிமாறுங்கள்.