வளைகுடாவில் நம்மூர்ப் பச்சைக்கிளிகள்

வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் ஊர் திரும்பும் நம் சகோதரர்கள் வியப்புடன் கூறும் செய்திகளுள் ஒன்று, "அங்கேயும் நம்மூர்க் கிளிகள் பறக்கின்றன" என்பதாகும். அது உண்மையே. துபாய், ஷார்ஜா பூங்காக்களில் அவை கூட்டங்கூட்டமாக வாழ்கின்றன.

ஆயினும் அம்மண் அவற்றின் பூர்வீகமன்று. பச்சைக்கிளியின் தாயகம் இந்தியத் துணைக்கண்டமும், சஹாராவை அடுத்துத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்கப் பகுதியுமாகும். கூண்டுப் பறவைகளாக விற்கப்பட்டுக் கடல் கடந்தவற்றுள், தப்பியவையும் வளர்த்தோரே திறந்துவிட்டவையும் அங்கே பெருகின. மனிதன் நட்டு நீரூற்றிய மரங்கள் அவற்றுக்கு இரையும் இருப்பிடமும் அளித்தன. குளிர் மிகுந்த இங்கிலாந்திலும் 1969 முதல் அவை குஞ்சு பொரித்து வருகின்றன.

என் பழைய மாணவர் ஒருவர் ஷார்ஜாவில் எடுத்த படத்தைக் காட்டி, "உஸ்தாத், இதன் கழுத்தில் வளையம் இல்லையே, இது வேறினமா?" என்று வினவினார். இல்லை. கறுப்பும் இளஞ்சிவப்புமான கழுத்து வளையம் முதிர்ந்த ஆணுக்கே உண்டு. பெண்ணுக்கும் இளம் பறவைக்கும் அது இராது. நீண்ட வாலும் சிவந்த மேலலகுமே பொது அடையாளங்கள். வாலோடு சேர்த்து நீளம் ஏறத்தாழ 40 செ.மீ.

அதனினும் பெரிதாய், தடித்த அலகுடன், தோளில் செந்நிறத் திட்டும் காணப்பட்டால் அது பெரிய பச்சைக்கிளி. அதுவும் துபாயில் உண்டு. ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் காணப்படுவதோ சாம்பல் நிற மார்புடைய தென் அமெரிக்கக் கிளி. மற்றக் கிளிகள் பொந்தில் வாழ, இது மட்டும் சுள்ளிகளால் கூடு கட்டும்.

அழகிய இவ்விருந்தாளிகளால் தீங்கும் உண்டு. பச்சைக்கிளிகள் மரப்பொந்துகளைக் கைப்பற்றுவதால், அங்கேயே பிறந்த உயிர்கள் இடமிழக்கின்றன. ஸ்பெயினின் செவில் நகரப் பூங்காவொன்றில் பொந்துகளில் வாழும் அரிய பெரு வௌவால்களை அவை தாக்கிக் கொன்றதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

அயல்நாட்டில் கூண்டைத் திறந்துவிடுவதே இரக்கம் என எண்ணுவோர் உளர். அந்த இரக்கம் வேறோர் உயிரின் வீட்டைப் பறிக்கக்கூடும். கிளியை வாங்காதிருப்பதே மெய்யான இரக்கம். நம் நாட்டிலோ, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இங்குள்ள கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றமாகும்.

பிள்ளைகள் கிளி கேட்டால், கூண்டை வாங்கித் தராமல், மாலையில் அவை அடையும் மரத்தடிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆண் எது, பெண் எது என அவர்களே கண்டு சொல்லட்டும்.