ஷாக் அடிக்கலையே, அப்புறம் எப்படி ரேம் போச்சு?

லேப்டாப்புக்கு ரேம் கூட்டுறது, எஸ்எஸ்டி மாத்துறது, சொந்தமா பிசி அசெம்பிள் பண்றது, இதெல்லாம் இப்ப நிறைய பேர் வீட்டிலேயே செய்யறீங்க. அப்ப வர்ற சந்தேகம்: "இந்த ஸ்டாட்டிக் எல்லாம் நம்ம ஊர் புழுக்கத்துல வருமா?"

வரும். ரெண்டு பொருள் தொட்டுப் பிரியும்போது ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு எலக்ட்ரான் தாவும். பாலியஸ்டர் சட்டையோட பிளாஸ்டிக் சேர்லேருந்து எழுந்தாலே உடம்புல சார்ஜ் ஏறிடும். காத்துல ஈரம் இருந்தா அது சீக்கிரம் கசிஞ்சு போயிடும். அதனாலதான் சென்னையில நமக்கு இது பெருசா தெரியறதில்லை. ஆனா ஏசி ரூம்ல அந்த ஈரம் குறைஞ்சிடும். பெங்களூர்ல பிப்ரவரி மாசம்னா கேட்கவே வேண்டாம், கதவுக் கைப்பிடியே சுரீர்னு அடிக்கும்.

அந்த 'சுரீர்' நமக்குத் தெரியணும்னா சுமார் 3,000 வோல்ட் வேணும். சார்ஜோட அளவு ரொம்பக் கம்மிங்கறதால நமக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா சிப்புக்குள்ள டிரான்சிஸ்டர்ல இருக்கிற காப்புப் படலம் சில நானோமீட்டர் தடிமன்தான். சில சிப்கள் 100 வோல்ட்டுக்கே அடி வாங்கிடும். அதனால "எனக்கு ஷாக்கே அடிக்கலையே"ங்கிறது எதுக்கும் ஆதாரம் இல்லை.

இன்னும் மோசம் என்னன்னா, அடி வாங்கின சிப் உடனே சாகணும்னு இல்லை. படலம் பலவீனமாகி, கொஞ்ச நாள் நல்லா ஓடி, அப்புறம் திடீர்னு ரீஸ்டார்ட் ஆக ஆரம்பிக்கலாம். காசு சேர்த்து வாங்கின ரேம் எதனால போச்சுன்னே உங்களுக்குத் தெரியாது.

ரொம்பவும் பயப்பட வேண்டாம். இப்ப வர்ற சிப்கள்ல பாதுகாப்பு சர்க்யூட் உள்ளேயே இருக்கு. ஆனா அதுக்கும் ஒரு எல்லை உண்டு.

சரி, தீர்வு என்ன? கரண்ட் கம்பியில உட்கார்ந்திருக்கிற காக்காவை நினைச்சுக்கோங்க. ரெண்டு காலும் ஒரே வோல்டேஜ்ல இருக்கு, அதனால அதுக்கு ஒண்ணும் ஆகறதில்லை. இங்கேயும் அதேதான். நீங்க, கேபினெட், ரேம் மூணும் ஒரே நிலையில இருந்தா சார்ஜ் பாய வழியே இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

பவர் கேபிளைக் கழட்டிடுங்க. லேப்டாப்னா சார்ஜரோட, முடிஞ்சா பேட்டரி கனெக்டரையும்.

கேபினெட்ல பெயின்ட் இல்லாத மெட்டலைத் தொடுங்க. பெயின்ட் மேல தொட்டா பிரயோஜனம் இல்லை. ஒவ்வொரு தடவை எழுந்து நடந்து வந்தாலும் மறுபடி தொடுங்க.

ரேமைக் கவரோட ஒரு கையில பிடிச்சு, இன்னொரு கையை மெட்டல்ல வெச்சு, அப்புறம் பிரிங்க. ஓரத்தை மட்டும் பிடிங்க. தங்கநிறக் கோடுகள்ல விரல் படக்கூடாது.

அடிக்கடி வேலை செய்யறவங்க ரிஸ்ட் ஸ்ட்ராப் வாங்கி, கிளிப்பைக் கேபினெட் மெட்டல்ல மாட்டுங்க. அதுக்குள்ள 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும். தவறிப்போய் மெயின்ஸ் பட்டாலும் உங்க வழியா பெரிய கரண்ட் போகாம தடுக்கத்தான் அது. அதனால வெறும் ஒயரைக் கையில கட்டிக்கிற ஐடியா வேண்டவே வேண்டாம். சுவர் பிளக்கோட எர்த் ஓட்டையில ஒயர் சொருகறதும் வேண்டாம். பல பழைய வீடுகள்ல அந்த எர்த் ஒழுங்கா இருக்குன்னு நம்ப முடியாது.

கடைசியா ஒண்ணு. போர்டு வந்த வெள்ளிநிறக் கவர் மேலேயே போர்டை வெச்சு ஆன் பண்ணிப் பார்க்காதீங்க. அந்தக் கவர் கரண்டைக் கடத்தலாம். அட்டைப்பெட்டி மேல வைங்க, அது போதும்.

முதல்ல மெட்டல், அப்புறம் ரேம். ரெண்டு செகண்ட் வேலைதான். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!